கெட்டிக்காரப் பிள்ளைக்கும் உதவி வேண்டும்: எழுத்திற் கேளுங்கள்

புளியங்கூடலிலிருந்தும் அயற்கிராமங்களான சரவணை, நாரந்தனை, சுருவில் ஆகியவற்றிலிருந்தும் 1990, 1991ஆம் ஆண்டுகளில் வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் வயலையும் புகையிலைத் தோட்டத்தையும் கிணற்றையும் பனங்காணியையும் விட்டுவிட்டே வந்தன. மாட்டை அவிழ்த்து விட்டோம். வீட்டில் இருந்த நெல்லை அப்படியே விட்டோம். கையோடு கொண்டுவர முடிந்த முதுசம் ஒன்றுதான்: பிள்ளைகளின் படிப்பு. அதன்பின் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டு, வன்னிக்குள் ஊர் ஊராக அலைந்து, 2009இல் செட்டிகுளம் முகாம்கள் வரை போன குடும்பங்களும் எம்மிடையே உண்டு. சிலர் ஊர் திரும்பிவிட்டார்கள். பலர் வந்த இடத்திலேயே குத்தகைக் காணியில் கமம் செய்கிறார்கள். எங்கிருந்தாலும் பிள்ளையின் படிப்பென்றால் வயிற்றைக் கட்டியாவது செலவு செய்கிறோம்.

அந்த முதுசத்தைக் காப்பதில் நாம் விடுகின்ற ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். படிப்பிற் பின்தங்கிய பிள்ளைக்கு விசேட உதவி வேண்டும் என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வகுப்பில் முதலாம், இரண்டாம் பிள்ளையாக வருகிற பிள்ளைக்கும் விசேட உதவி வேண்டியிருக்கலாம் என்றால் சிரிப்பார்கள். பெற்றோரும் சிரிப்பார்கள், ஆசிரியரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பினால் நாம் இழந்த பிள்ளைகள் கொஞ்சமல்ல.

ஒரு பிள்ளையின் கதை

1990களின் நடுப்பகுதியில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்திற் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். புளியங்கூடலைச் சேர்ந்த ஒரு சிறுமி அங்கே வந்தாள். தகப்பன் ஊரில் நெல்லும் புகையிலையும் செய்தவர்; அப்போது பிறருடைய தோட்டத்திற் கூலிக்கு நின்றார். சிறு வயதிற் காது வடிந்து வடிந்து அவளுக்கு ஒரு காது ஏறக்குறையக் கேளாது. மற்றக் காதும் மந்தம். ஆனால் கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. ஐந்தாம் வகுப்பில் அவளே முதலாம் பிள்ளை.

அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அவளுடைய கெட்டித்தனம். மற்றது அவளுடைய வகுப்பு ஆசிரியை. அந்த ரீச்சர் அவளை முன் வாங்கில் இருத்தினார். அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசினார். வீட்டு வேலையை வாயாற் சொல்லாமற் கரும்பலகையில் எழுதிவிட்டார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது எழுதப்படவுமில்லை.

1995 இடப்பெயர்வில் அந்தக் குடும்பம் வன்னிக்குப் போனது. புதிய பாடசாலையில் மரத்தின் கீழ் வகுப்பு; ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு மேல். தகப்பன் போய், "இவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், முன்னுக்கு இருத்திவிடுங்கோ" என்று கேட்டார். தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் சொன்ன பதில் இது: "முதலாம் பிள்ளையா வந்தவளுக்கு என்ன உதவி ஐயா? படிக்க ஏலாத பிள்ளையளைப் பாக்கவே இஞ்ச ஆளில்லை."

சொன்னவர் கெட்டவரல்லர். அவருக்கு இருந்த சுமை அப்படி. ஆனால் அந்த ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம் கிடைக்கவில்லை. ஆசிரியர் சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும். அவளோ பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினாள். "பார்த்து எழுதுகிறாள்" என்று ஏச்சும் வாங்கினாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சனம் முடிவு கட்டியது. உண்மையில் அவளுக்கு எட்டாமற் போனது ஆசிரியரின் குரல்.

புள்ளி எதை மறைக்கும்?

தோட்டக்காரருக்கு இதை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. தீவகத்திற் கிணற்று நீர் மெல்ல மெல்ல உவராகும்போது பயிர் உடனே சாய்வதில்லை. இலை பச்சையாகவே நிற்கும். நல்ல கன்றுதான் அதிக நாள் தாக்குப் பிடிக்கும். அது நிற்கிறதென்று நாம் பேசாமல் இருந்தால், ஒரு நாள் நுனி கருகும்போதுதான் வேர் பட்ட பாடு தெரியும்.

கெட்டிக்காரப் பிள்ளையும் அப்படித்தான். காது கேளாவிட்டால் உதட்டைப் பார்த்து ஊகிக்கும். கண் தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு மனப்பாடம் செய்யும். எழுத்துகள் மாறித் தெரிகிற பிள்ளை, டிஸ்லெக்சியா என்று வைத்தியர்கள் சொல்லும் இடர்பாடு உள்ள பிள்ளை, வாசிக்காமலே கேட்டதை நினைவில் வைத்துப் பதில் சொல்லும். ஒரு கை இயலாத பிள்ளை, ஷெல் துண்டு உடம்பில் இருக்கும் பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடிக்கும். மற்றப் பிள்ளை ஒரு பங்கு முயற்சியில் எடுக்கும் புள்ளியை இந்தப் பிள்ளை மூன்று பங்கு முயற்சியில் எடுக்கிறது. தேர்ச்சி அறிக்கையில் எழுபத்தைந்து என்ற புள்ளி இருக்கும்; அதற்குப் பட்ட பாடு இராது. பாடசாலை விட்டு வந்ததும் தலையிடி, காரணமில்லாத கோபம், சாப்பிடாமற் படுத்துவிடுதல் இவற்றை வீட்டிலே காண்பவர் தாய் ஒருவர்தான்.

கீழ் வகுப்புகளில் இந்தச் சமாளிப்பு செல்லும். ஆறாம் தரத்திற்கு மேல் பாடங்கள் கூடும், ஆசிரியர் பாடத்துக்குப் பாடம் மாறுவர், எழுத்து வேலை பெருகும். அப்போதுதான் பிள்ளை விழும். நாமோ "முந்தி நல்லாய்ப் படிச்சது, இப்ப கள்ளப்பட்டுப் போச்சு" என்று அடிக்கிறோம், அல்லது இன்னொரு ரியூசனுக்கு அனுப்புகிறோம்.

உலகம் பார்த்த ஒரு வழக்கு

இந்தக் கேள்வி எங்களுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் ஏமி ரௌலி என்ற சிறுமி இருந்தாள். பிறப்பிலேயே செவிப்புலன் குன்றியவள். தாய் தந்தையரும் அப்படியே. சாதாரண பாடசாலையிற் படித்தாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதிற் கெட்டிக்காரி. வகுப்பில் நடுத்தரத்துக்கு மேலான பிள்ளை. பாடசாலை அவளுக்குக் கேட்டற் கருவி கொடுத்தது. தனி ஆசிரியரின் உதவியும் கொடுத்தது. பெற்றோர் கேட்டது இன்னும் ஒன்று: வகுப்பிற் பேசப்படுவதைச் சைகை மொழியில் அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். பாடசாலை மறுத்தது. பிள்ளை நன்றாகத்தானே படிக்கிறாள் என்பதே காரணம்.

வழக்கு நீதிமன்றம் போனது. வகுப்பிற் சொல்லப்படுவதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் அவளுக்கு விளங்குவதில்லை என்பது அங்கே வெளிவந்தது. கீழ் நீதிமன்றங்கள் பெற்றோரின் பக்கம் நின்றன. ஆனால் 1982 ஜூனில் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. பிள்ளை வகுப்பேற்றம் பெற்று வருகிறாள், கல்வியால் அவளுக்குப் பயன் கிடைக்கிறது, சட்டம் கேட்பது அவ்வளவுதான் என்றது தீர்ப்பு. ஐந்தில் இரண்டு பங்கை இழந்தும் அவள் நன்றாகப் படித்தாள் என்றால், முழுவதும் கிடைத்திருந்தால் எங்கே நின்றிருப்பாள் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. அதே ஏமி ரௌலி பிற்காலத்திற் சைகை மொழி கற்பிக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2017 மார்ச்சில், ஓட்டிசம் உள்ள வேறொரு பிள்ளையின் வழக்கில் அதே நீதிமன்றம் ஒருமனதாக ஒரு படி முன்னேறியது. பெயரளவிலான சிறு முன்னேற்றம் போதாது. அந்தந்தப் பிள்ளையின் நிலைமைக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற முன்னேற்றத்தைப் பாடசாலை நோக்கவேண்டும் என்றது.

இந்தியாவிலும் இதற்குச் சமமான ஒரு தீர்ப்பு உண்டு. விகாஷ் குமார் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். எழுதத் தொடங்கினாற் கை இறுகிப்போகும் நிலை அவருக்கு இருந்தது. சிவில் சேவைப் பரீட்சைக்கு, தாம் சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளர் ஒருவரைக் கேட்டார். அவருடைய இயலாமை குறித்த வீதத்தை எட்டவில்லை என்று மறுத்தார்கள். 2021 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், உதவியாளரைப் பெறுவதற்கு அவருக்கு உரிமை உண்டென்று தீர்த்தது. மருத்துவம் படித்து முடித்தவர் என்பது, அவருக்கு உதவி தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவினரின் பிள்ளைகளுக்கு இது புதினமன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பெற்றோர் அதிபரிடம் எழுத்தில் வேண்டினால், பிள்ளையின் தேவையை ஆராயும் குழுவுக்கு அதிபர் அனுப்பியே ஆகவேண்டும். அங்கே மீத்திறனும் ஒரு விசேட தேவையாகக் கணிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் விதிக்கோவை, வயதுக்கேற்ற அடைவு இருக்கிறதென்பதால் மாத்திரம் பிள்ளைக்கு இடர்பாடு இல்லையென்று கொள்ளலாகாது என்று ஆசிரியருக்குச் சொல்கிறது. ஒரே ஊரில் வேர்கொண்ட இரண்டு பிள்ளைகளில், ரொறன்ரோவில் உள்ள பிள்ளைக்கு ஒரு கடிதத்தோடு திறக்கும் கதவை, இங்குள்ள பிள்ளைக்கு நாம் தட்டியும் பார்ப்பதில்லை.

எமது நாட்டில் என்ன உண்டு?

ஒன்ராறியோவிற் போன்ற சட்டம் இங்கே இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் பிழை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைந்தோர் என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. கல்வியில் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து கொடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிறெயில் வினாத்தாள், எழுத உதவுபவர் போன்ற வசதிகளை வழங்குகிறது. அவற்றை அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையுடன், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே கேட்கவேண்டும். பரீட்சை நெருங்கிய பிறகு ஓடித் திரிவதிற் பயனில்லை. பல்கலைக்கழக அனுமதியிலும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு விசேட ஏற்பாடு உண்டு.

இவற்றையெல்லாம் விட, கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் எங்கள் கல்வி வரலாற்றிலேயே உண்டு. கன்னங்கராவின் காலத்தில், 1945இல், இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசிலும் எழுந்தது எதற்காக? கிராமத்து ஏழைப் பிள்ளையிடம் ஆற்றல் இருக்கிறது, வறுமை அதை மறிக்கிறது, ஆகவே அந்தப் பிள்ளைக்கு அரசு தனியாக உதவவேண்டும் என்பதற்காக. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்பதே கெட்டிக்காரப் பிள்ளைக்கான விசேட உதவிதான். வறுமை மறித்தால் உதவலாம். காதும் கண்ணும் கையும் மறித்தால் உதவலாகாது என்பது என்ன நியாயம்? அந்தப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் அண்மைய ஆண்டுகளில் ஒரு மணித்தியாலத்தில் 40 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். விடை தெரிந்தும் வேகமாக வாசிக்க முடியாத பிள்ளை, அந்த ஒன்றரை நிமிடத்திலேயே தோற்றுப்போகிறது.

வெட்கமும் அநியாயமும்

"பிள்ளைக்குக் குறை என்று பேர் வந்துவிடும், நாளைக்குக் கலியாணம் பேசவும் இடைஞ்சல்" என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் மறைத்தால் வருவது "படிப்பு ஏறாதது" என்ற பேர். அது இதைவிடக் கொடியது, பொய்யும் கூட.

"மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம்" என்பது அடுத்த பேச்சு. மூக்குக் கண்ணாடி போட்ட பிள்ளையை யாராவது அநியாயம் என்று சொல்வதுண்டா? கண்ணாடி கணக்குச் செய்து கொடுப்பதில்லை. கணக்கைக் காட்டுகிறது, அவ்வளவே.

"ஆசிரியரே இல்லாத இடத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்பது மூன்றாவது. இது உண்மையான தடை. பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியர் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளிற் பலர் கேட்பது பணம் செலவாகாத காரியம்: முன் வாங்கு, கரும்பலகையில் எழுதிவிடும் வீட்டு வேலை, கொஞ்சம் கூடிய நேரம், வாயால் விடை சொல்ல ஒரு வாய்ப்பு. சைகை மொழியிலோ பிறெயிலிலோ முழுமையாகக் கற்கவேண்டிய பிள்ளைக்கு 1956 முதல் கைதடியில் நபீல்ட் பாடசாலை இருக்கிறது. அங்கே சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதேவேளை, சாதாரண வகுப்பிற் சிறு உதவியோடு படிக்கக்கூடிய பிள்ளையை "அங்கே கொண்டுபோங்கோ" என்று தட்டிக் கழிப்பதும் சரியன்று.

ஏன் எழுத்தில்?

அந்தச் சிறுமியின் கதைக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் வகுப்பு ரீச்சரின் அன்பு அவளைத் தூக்கிவிட்டது. ஆனால் அந்த அன்பு வன்னிக்கு வரவில்லை, வர முடியாது. இடம்பெயர்ந்த மக்களாகிய நாம் பாடசாலை மாறுகிறோம். ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கோ ஆசிரியர் மாறுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து வந்து போகிறவர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார். வாயாற் கேட்டு வாயாற் கிடைத்த உதவி அந்த ஆளோடு போய்விடும். எழுத்தில் இருப்பது பிள்ளையோடு வரும். காணிக்கு உறுதி இருப்பதுபோல் இதற்கும் ஒரு தாள் வேண்டும். உறுதி தொலைந்து அலைந்தவர்களுக்கு அதன் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

செய்யவேண்டியவை இவை:

1. ஒரு கொப்பி எடுத்து, இரண்டு கிழமைக்குப் பிள்ளை எதிற் கெட்டி, எங்கே தடுமாறுகிறது, வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று திகதியிட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

2. முதலிற் கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளுக்கு நடக்கும். அந்த நாளிற் பிள்ளையை மறிக்காதீர்கள். அங்கே சொல்லப்பட்டால் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ போய், வைத்தியரிடம் எழுத்தில் அறிக்கை கேளுங்கள்.

3. அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றிற் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்திருங்கள்.

4. ஒரு மாதத்திற் பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீவகப் பாடசாலை என்றாற் தீவகக் கல்வி வலயம். வேறிடத்தில் இருப்போர் அந்தந்த வலயம்.

5. பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரத்தோடு இந்தக் கடிதத்தின் பிரதியையும் வைத்திய அறிக்கையையும் புதிய அதிபரிடம் முதல் நாளிலேயே கொடுங்கள்.

கடிதம் இவ்வளவு போதும்: "என் மகன் நாலாம் தரத்தில் உங்கள் பாடசாலையிற் படிக்கிறார். வாயாற் கேட்டால் விடை சொல்கிறார், எழுதும்போது பிந்திப்போகிறார். வைத்திய அறிக்கை இணைத்துள்ளேன். அவரை முன்வரிசையில் இருத்தவும், எழுத மேலதிக நேரம் கொடுக்கவும், புலமைப்பரிசில் பரீட்சைக்கு விசேட வசதி கோரி விண்ணப்பிக்கவும் தயவுடன் வேண்டுகிறேன். உங்கள் முடிவை எழுத்தில் அறியத் தாருங்கள்." சண்டையும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். ஆசிரியரைக் குற்றஞ்சாட்டாதீர்கள், அவரும் உங்கள் பிள்ளைக்காகக் கேட்கக்கூடிய ஒருவர்.

எல்லாக் கடிதத்துக்கும் நல்ல பதில் வருமென்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாடசாலையிற் பத்துப் பெற்றோர் எழுதினால், இப்படியும் ஒரு தேவை இருக்கிறது என்று வலயத்துக்குத் தெரியும். எழுதப்படாத தேவைக்கு எந்த அலுவலகமும் ஆசிரியரை அனுப்பாது.

மேலே எழுதிய மாதிரிக் கடிதம் கற்பனையன்று. எட்டாம் வகுப்போடு நின்ற அந்தச் சிறுமி இன்று தாய். குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டாள். நாலாந் தரம் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாஸ்ரர், இவன் என்னைப்போலக் கெட்டிக்காரன். என்னைப்போல நிக்கக் கூடாது" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். நல்ல காதை என் பக்கம் திருப்பி, என் வாயைப் பார்த்துப் பார்த்து, ஒரு சொல்லும் பிழையில்லாமல் எழுதினாள்.